அடுப்பில் இப்போது என்ன இருக்கு?

பாடசாலை விடுமுறை நெருங்குகிறது. அதனால் இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மலையகப் பயணத்தையும் வழிச் சாப்பாட்டையும் பற்றியவை. தலவாக்கலையில் ஐந்து மேசைச் சாப்பாட்டுக் கடை நடத்தியவரின் மகள் நான் என்று முன்பு ஒருமுறை எழுதியிருந்தேன். அதை ஞாபகம் வைத்துக் கேட்டிருக்கிறீர்கள். பத்து வயதில் அந்தக் கடையில் கோப்பை கழுவத் தொடங்கினேன். கல்யாணமாகிப் போகும்வரை அங்கேதான் வளர்ந்தேன். கடை இப்போது இல்லை. ஆனால் அங்கே கற்றது எதுவும் மறக்கவில்லை.

கேள்வி: அக்கா, நாங்கள் ஆறு பேர். இரண்டு பிள்ளைகளும் மாமியாரும் உண்டு. போன வருடம் நுவரெலியா போகும் வழியில் பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு சின்னக் கடையில் சாப்பிட்டோம். ஆறிப்போன சோறும் அடிப்பிடித்த பருப்பும்தான் கிடைத்தது. பெரிய ரெஸ்டோரண்டில் ஆறு பேருக்குக் காசு கட்டுப்படியாகாது. இந்த முறை கண்டியில் இருந்து ரயிலில் பதுளை வரை போகிறோம். நல்ல சின்னக் கடையை எப்படிக் கண்டுபிடிப்பது?
– ஆசிரியை ஒருவர், திருகோணமலை

பதில்: அந்தக் கடை கெட்ட கடை என்று எனக்குத் தோன்றவில்லை, டீச்சர். நீங்கள் போன நேரம்தான் கெட்ட நேரம்.

சின்னக் கடைக்கு ஒரு நாளில் நாலைந்து நல்ல நேரம் உண்டு. எங்கள் கடையைச் சொல்கிறேன். அப்பா விடிய நாலரைக்கு அடுப்பு மூட்டுவார். ஐந்தரைக்கு முதல் பஸ்காரர்கள் வருவார்கள். அவர்களுக்கு ரொட்டியும் கட்டைச் சம்பலும், இல்லாவிட்டால் இடியப்பமும் சொதியும். இடியப்பத்தைப் பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் அவித்து, துணி மூடிய பெட்டியில் கொண்டுவந்து தருவார். ஒன்பதரைக்கு முதல் வடை. பதினொன்றரைக்குச் சோறு இறங்கும். ஒன்றரைக்குள் மீன் கறி முடிந்துவிடும். இரண்டரையில் இருந்து நாலு மணி வரை அடுப்பில் ஒன்றும் இருக்காது. அப்பா அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் பாய் போட்டுக் கண்ணயரும் நேரம் அது. நாலு மணிக்கு மறுபடி வடை, ஆறரைக்கு அப்பச்சட்டி. மலையகத்தில் இன்றும் சின்னக் கடைகள் ஏறத்தாழ இப்படித்தான் ஓடுகின்றன. மூன்று மணிக்குப் போய்ச் சோறு கேட்டால், பதினொன்றரைக்கு இறக்கிய சோற்றைத்தான் தருவார்கள். அவர்களிடம் இருப்பது அதுதான்.

அதனால் உள்ளே போனதும் ‘என்ன இருக்கு?’ என்று கேட்காதீர்கள். கேட்டால் பலகையில் எழுதியிருப்பது எல்லாம் இருக்கு என்றுதான் சொல்வார்கள். ‘இப்ப அடுப்பில் என்ன இருக்கு?’ என்று கேளுங்கள். சிங்களக் கடையென்றால் ‘தென் உணுவென் மொனவத தியென்னே?’ என்று கேட்கலாம். இந்த ஒரு கேள்வியில் அவர்கள் முகம் மாறுவதை நான் எத்தனையோ இடத்தில் பார்த்துவிட்டேன். சமையல் தெரிந்த ஆள் வந்திருக்கிறார் என்று புரிந்துகொள்வார்கள்.

ஒருமுறை ஜனவரியில் ஹப்புத்தளையில் பிற்பகல் மூன்றரைக்கு மாட்டிக்கொண்டேன். நாலே மேசை போட்ட கடை. மூடுபனி வாசல் வழியாக உள்ளே வந்து முதல் மேசை வரை நின்றது. கடைக்கார அம்மாவிடம் இதே கேள்வியைக் கேட்டேன். ‘ஒண்ணும் இல்லீங்க. ராவைக்கு ரொட்டி போட மாவு மட்டும் பிசைஞ்சு வச்சிருக்கேன்’ என்றார். அதையே இரண்டு போடச் சொன்னேன். கோதுமை மாவும் திருகின தேங்காயும் சமமாகத் தெரியும் உருண்டை. உள்ளே பச்சை மிளகாயும் சின்ன வெங்காயமும் பொடியாக. கையில் தண்ணீரைத் தொட்டுக்கொண்டு, உள்ளங்கையிலேயே தட்டி, இரும்புத் தட்டில் போட்டார். விரல் நுனியால் சுற்றிச் சுற்றித் திருப்பினார். தேங்காய்ப் பூ அங்கங்கே கருகும் வாசம் வந்ததும் எடுத்துவிட்டார். காய்ந்த மிளகாயையும் வெங்காயத்தையும் உப்போடு அம்மியில் நசுக்கி, எலுமிச்சம் புளி விட்டுத் தந்தார். பிளேன் டீ ஒன்று. குளிரில் அந்த ரொட்டி கையைச் சுட்டதை இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன். சோறுதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்திருந்தால் அது கிடைத்திருக்காது.

பஸ் நிற்கும் கடை நல்ல கடை என்று ஒரு பேச்சு உண்டு. அதை முழுசாக நம்ப வேண்டாம். தூரப் பயண பஸ்கள் நிறுத்தும் பல கடைகளில் சாரதிக்கும் கண்டக்டருக்கும் சாப்பாட்டுக்குக் காசு வாங்குவதில்லை. அந்த ஊர் ஆட்டோத் தம்பிமார் எங்கே சாப்பிடுகிறார்கள் என்று பாருங்கள். சொந்தக் காசைக் கொடுத்துத் தினமும் சாப்பிடுகிறவர்கள் அவர்கள்.

ஆறு பேர் என்பதால் இன்னொன்று. இந்தக் கடைகளில் இரண்டு அடுப்புத்தான் இருக்கும். ஆளுக்கொரு சாப்பாடு சொன்னால் கடைசி ஆளுக்கு வரும்போது முதல் ஆள் கை கழுவியிருப்பார். இரண்டு வகைக்கு மேல் சொல்லாதீர்கள். பிள்ளைகளுக்கு உறைப்புக் குறைவாக வேண்டுமென்றால் உட்காரும் முன்பே சொல்லிவிடுங்கள். சம்பலை ஒதுக்கி, பருப்பைத் தனியே எடுத்துத் தருவார்கள். சோற்றுக்குப் பருப்பும் மரக்கறியும் கேட்டால் மறுபடி போடுவார்கள். மீனும் இறைச்சியும் ஒரு தடவைதான்.

ரயிலில் சோற்றுக்குக் காத்திருக்க வேண்டாம். வடைக்காரர்கள் ஏறுவார்கள். பொரித்த செத்தல் மிளகாயோடு கடதாசியில் சுற்றித் தருவார்கள். கை பொறுக்காத சூடாக இருந்தால் வாங்குங்கள். ஹட்டனில் இறங்குவதென்றால் பன்னிரண்டுக்கு முன், பண்டாரவளையென்றால் ஐந்துக்குப் பின் என்று திட்டம் போட்டால் இரண்டு இடத்திலும் அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்.

கேள்வி: தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்ததும், நாங்கள் கேட்காமலே ரோல்ஸ், கட்லட், வடை என்று ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். எல்லாவற்றுக்கும் காசு எடுப்பார்களோ என்று பயந்து எழுந்து வந்துவிட்டோம்.
– சென்னையில் இருந்து சுற்றுலா வந்த வாசகர்

பதில்: ஐயோ, ஒரு நல்ல வடையை விட்டுவிட்டீர்களே. இலங்கை முழுக்க இது வழக்கம். எடுத்ததை எண்ணிக் காசு வாங்குவார்கள், மிச்சம் உள்ளே போய்விடும். மிச்சம் அடுத்த மேசைக்கும் போகும் என்பதால் தொட்டுப் பார்த்துவிட்டு வைக்கக் கூடாது. வேண்டாமென்றால் ‘தட்டு வேணாம் தம்பி, டீ மட்டும்’ என்று சொன்னால் போதும், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். நான் செய்வது வேறு. கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்து, எண்ணெய் மினுங்குகிற வடையைக் கையால் காட்டி வாங்கிக்கொள்வேன்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். மரக்கறிச் சாப்பாடு என்று சொல்லித்தான் வாங்கினோம். சம்பலில் மீன் வாசம். வேண்டுமென்றே செய்கிறார்களா?
– வாசகி, வவுனியா

பதில்: இல்லையம்மா, வேண்டுமென்று செய்வதில்லை. மாசிக் கருவாட்டைப் பல கடைகளில் மீனாகவே எண்ணுவதில்லை. உப்பு, புளி மாதிரி அதுவும் ஒரு சரக்கு அவர்களுக்கு. தேங்காய்ச் சம்பல், சீனிச் சம்பல், கீரைச் சுண்டல், சில இடங்களில் பருப்பிலும் கூட இடித்துப் போடுவார்கள். ‘மரக்கறி’ என்று சொல்வது போதாது. ‘மாசி போட்டிருக்கா?’ என்றே கேளுங்கள். சிங்களத்தில் ‘உம்பலகட நெத்துவ’ என்றால் மாசி இல்லாமல் என்று அர்த்தம். விரதமென்றால் பெயர்ப் பலகையில் சைவ உணவகம் என்று போட்டிருக்கும் கடைக்கே போய்விடுங்கள். ஹட்டனிலும் நுவரெலியாவிலும் பண்டாரவளையிலும் அப்படிப்பட்ட கடைகள் இருக்கின்றன. போஞ்சி, கரட், லீக்ஸ், கோவா எல்லாம் தோட்டத்தில் இருந்து அன்றே வருகிற ஊர்கள் இவை. லீக்ஸைத் தண்டும் இலையுமாக நறுக்கி, மஞ்சள் போட்டு வதக்கித் தரச் சொல்லிச் சாப்பிடுங்கள்.

கேள்வி: தேயிலை விளைகிற ஊரிலேயே கடைத் தேத்தண்ணி ஏன் இவ்வளவு சுமாராக இருக்கிறது? நுவரெலியாவில் ஊற்றின உடனே ஆறியும் விடுகிறது.
– வங்கி ஊழியர், கொழும்பு

பதில்: நம் தேயிலையில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் கப்பலேறிப் போய்விடுகிறது. 1867 இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை போட்ட காலத்தில் இருந்தே அது ஏற்றுமதிப் பயிர். கடைக்கு வருவது பெரும்பாலும் டஸ்ட் என்கிற தூள் தேயிலை. அது நல்ல சாயம் இறங்கும், ஒரு பையில் இருபது கோப்பை ஊற்றலாம். அதில் பால்மாவையும் சீனியையும் கொட்டினால் தேயிலையின் ருசி எங்கே தெரியும்?

உயரமும் ஒரு காரணம். நுவரெலியா கடல் மட்டத்தில் இருந்து ஏறத்தாழ 1,870 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும். கொதிக்கும்போதே சூடு குறைவு, வெளியே குளிர் வேறு. பருப்பும் அங்கே வேகத் தாமதமாகும். குக்கர் இல்லாத கடையில் பருப்பு பல்லில் பட்டால் சமையல்காரரைத் திட்டாதீர்கள்.

கோப்பையை வெந்நீரில் அலசித் தரச் சொல்லுங்கள். பால் போடாமல் பிளேன் டீயாகக் கேளுங்கள். நுவரெலியாத் தேயிலை வெளிர் நிறம், பூ வாசம். பால் விட்டால் அது போய்விடும். பால் தேத்தண்ணிதான் பிடிக்கும் என்றால் டிம்புளைப் பக்கம், அதாவது ஹட்டன், தலவாக்கலை, அல்லது ஊவாப் பக்கம், பண்டாரவளையில் குடியுங்கள். அந்தத் தேயிலைக்குப் பாலைத் தாங்கும் உடம்பு உண்டு. டிம்புளையில் ஜனவரி முதல் மார்ச் வரையும், ஊவாவில் ஜூலை முதல் செப்டம்பர் வரையும் தேயிலை நல்ல ருசி பிடிக்கும் காலம். கித்துள் கருப்பட்டி வைத்திருக்கும் கடையென்றால் சீனியை மறந்துவிடுங்கள். ஒரு துண்டைக் கடித்துக்கொண்டு குடிக்க வேண்டும்.

கேள்வி: சுற்றுலாப் பயணிகள் அதிகம் வரும் ஊரில், அழகான சின்ன ரெஸ்டோரண்ட். விலைப் பட்டியல் இல்லை. பில்லில் மொத்தத் தொகை மட்டும் எழுதியிருந்தது. கேட்கலாமா?
– வாசகர், மட்டக்களப்பு

பதில்: கட்டாயம் கேட்க வேண்டும். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி விலையைத் தெரியும்படி காட்சிக்கு வைப்பதும், கேட்டால் பற்றுச்சீட்டுத் தருவதும் வியாபாரியின் கடமை. முறையிட 1977 என்ற இலக்கம் இருக்கிறது. எனக்கும் ஒரு இடத்தில் துண்டுக் கடதாசியில் வெறும் தொகையை நீட்டினார்கள். ஒவ்வொன்றாக எழுதித் தாருங்கள் என்று மரியாதையாகக் கேட்டேன். எழுதி வந்தபோது தொகை குறைந்திருந்தது. பத்து வீதம் சேவைக் கட்டணம் போடும் இடங்களும் உண்டு. உட்காரும்போதே அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். இதற்காக ஆட்டோத் தம்பிமார் சாப்பிடும் கடையில் போய்ச் சந்தேகப்பட வேண்டாம். அங்கே முதலாளி உங்கள் கண் முன்னாலேயே வாய்விட்டு எண்ணிக் கணக்குச் சொல்வார்.

கேள்வி: அக்கா, நான் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தைச் சேர்ந்தவன். கொழும்பில் துணிக்கடையில் வேலை கிடைத்து மூன்று மாதமாகிறது. என் அம்மா இருபத்தேழு வருடமாகக் கொழுந்து எடுக்கிறார். ஒரு நாள் கூடக் கடையில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. என் சம்பளத்தில் கூட்டிக்கொண்டு போக ஆசை. கூப்பிட்டால், ‘அங்கயெல்லாம் நமக்கு எதுக்குப்பா, அந்தக் காசுக்கு அரிசி வாங்கு’ என்கிறார். எப்படிக் கூட்டிக்கொண்டு போவது?
– வாசகர்

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை நாலு தடவை வாசித்துவிட்டேன்.

எங்கள் கடைக்குச் சம்பள நாளில் தோட்டத்து ஆட்கள் வருவார்கள். ஆம்பிளைகள் உள்ளே வந்து உட்காருவார்கள். பெண்கள் படிக்குக் கீழே நின்று, வடையைக் கடதாசியில் வாங்கி, பைக்குள் வைத்துக்கொண்டு போய்விடுவார்கள். எல்லாம் பிள்ளைகளுக்கு. தனக்கென்று ஒன்று வாங்கி அங்கேயே கடித்தவரை நான் பார்த்ததில்லை.

ஒரு நாள் நல்ல மழை. கூரைத் தண்ணீர் தலையில் விழ நின்ற ஒரு அம்மாவை அப்பா உள்ளே வரச் சொன்னார். வந்தவர் கதிரையின் விளிம்பில் மட்டும் உட்கார்ந்தார். இரண்டு கையையும் மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டார். நான் பக்கத்தில் நின்றேன், எனக்குத் தெரிந்தது. கொழுந்துக் கறை ஏறி விரல் நுனியெல்லாம் கறுத்து, வெடிப்புக்குள்ளும் கறுப்பு. தேத்தண்ணி வந்தது. கை மேலே வரவில்லை. அப்பா அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கல்லாப்பெட்டிப் பக்கம் திரும்பி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். என்னையும் கண்ணால் உள்ளே போகச் சொன்னார். அப்புறம்தான் அந்த அம்மா கோப்பையை எடுத்தார்.

உங்கள் அம்மா காசைச் சொல்கிறார். காசு மட்டும்தான் காரணம் என்று நினைக்காதீர்கள்.

அதனால் முள்ளுக்கரண்டி வைக்கிற இடம் வேண்டாம். எல்லோரும் கையால் பிசைந்து சாப்பிடுகிற, மூலையில் கை கழுவும் குழாய் இருக்கிற கடையாகப் பாருங்கள். ஹட்டன் டவுனிலேயே இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை பதினொன்றரைக்குப் போங்கள். மலைக்குப் போகத் தேவையில்லாத நாள், கூட்டமும் தொடங்கியிருக்காது, சோறும் அப்போதுதான் இறங்கியிருக்கும். நடு மேசையில் உட்காராதீர்கள். சுவரோரமாக, அம்மாவுக்குத் தெரு தெரியும்படி உட்கார வையுங்கள். போகிற வருகிற சனத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் தன்னை யார் பார்க்கிறார்கள் என்ற எண்ணம் குறையும்.

சாப்பிட என்று சொல்லிக் கூப்பிடாதீர்கள். மூக்குக் கண்ணாடிக் கடைக்கோ செருப்பு வாங்கவோ கூட்டிக்கொண்டு போங்கள், அதையும் உண்மையாகவே வாங்கிக் கொடுங்கள். அப்புறம் ‘எனக்குப் பசிக்குதும்மா’ என்று சொல்லுங்கள். உங்களுக்குப் பசி என்றால் அவர் எந்தக் கடைக்குள்ளும் வருவார்.

உள்ளே போய் ‘என்ன வேணும்?’ என்று அவரிடம் கேட்க வேண்டாம். ‘ஒரு டீ போதும்’ என்பார். நீங்களே இரண்டு சாப்பாடு சொல்லிவிடுங்கள், இரண்டும் ஒன்றுபோல இருக்கட்டும். வீட்டில் வாரத்தில் எத்தனை நாள் ரொட்டியும் சம்பலும், பருப்பும் கருவாடும்? மீன் பொரியலோ கோழிக் கறியோ, அவர் அடுப்பில் அடிக்கடி ஏறாத ஒன்று தட்டில் இருக்க வேண்டும். காசை முன்கூட்டியே கல்லாவில் கொடுத்துவிட்டால் பில் மேசைக்கு வராது.

இன்னொன்று, இதுதான் முக்கியம். உட்காரும் முன்பே வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு பார்சல் கட்டச் சொல்லி, அதைக் கொண்டுவந்து அம்மாவின் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரிய வேண்டும். அது தெரியாவிட்டால் தன் தட்டில் இருக்கிற மீனைப் பாதி பிய்த்து, யாருக்கோ என்று ஒதுக்கி வைப்பார். எங்கள் கடையில் நான் பார்த்த அம்மாமார் எல்லோரும் அப்படித்தான். பார்சல் பக்கத்தில் இருந்தால் அந்த மீன் முழுக்க அவருக்கு.

அவர் சாப்பிடும்போது நீங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். உங்கள் தட்டைப் பாருங்கள்.

போய் வந்த பிறகு, அம்மா என்ன சாப்பிட்டார் என்று எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.